நோம்பு சீசன் வேலைன்னு சொல்லி விசிட் விசாவில் ஏத்தி விடுறாங்க: எல்லைப் பக்கத்துக்காரர்கள் கவனிக்கவும்

களியக்காவிளை, பாறசாலை, மார்த்தாண்டம், அந்தப் பக்கம் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு என்று தமிழ்நாடு-கேரள எல்லை நெடுகிலும் நோம்பு தொடங்க ஒன்றரை மாதம் இருக்கும்போதே இந்த மெசேஜ் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். "துபாய், ஷார்ஜா. ரம்ஜான் சீசன். இஃப்தார் பேக்கிங், கிச்சன் ஹெல்ப்பர். 60 நாள். ரூம், சாப்பாடு ஃப்ரீ. மெடிக்கல் வேண்டாம். சீட் குறைவு, உடனே பாஸ்போர்ட் காப்பி அனுப்பவும்." இதை நம்பி வட்டிக்கு வாங்கிக் கட்டிய நம்மூர்ப் பையன்கள் பெருநாள் முடிந்து வெறுங்கையோடு வந்து இறங்கினார்கள். பணம் வாங்கிய ஆளின் நம்பர் இப்போது சுவிட்ச் ஆஃப்.

அங்கே நோம்பு மாதத்தில் ஆள் தேவைப்படுவது உண்மைதான். கேட்டரிங் கம்பெனி, இஃப்தார் கூடாரம், பேக்கரி, டெலிவரி எல்லாவற்றிலும் வேலை கூடும். அதனால்தான் இந்தப் பொய் எடுபடுகிறது. வேலை இருக்கிறது, அந்த வேலையைச் செய்ய உங்களுக்கு அனுமதி இல்லை. விசிட் விசாவில் வேலை செய்வது ஐக்கிய அமீரகத்தில் சட்ட விரோதம். பெர்மிட் இல்லாமல் ஆள் வைக்கும் முதலாளிக்கு 2024-இல் அபராதத்தைக் குறைந்தது ஒரு லட்சம் திர்ஹம், அதிகபட்சம் பத்து லட்சம் திர்ஹம் என்று உயர்த்தினார்கள். பிடிபட்டால் வேலை செய்தவனும் தப்ப முடியாது, ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

விசாவை இவர்கள் முன்கூட்டித் தருவதில்லை. திருவனந்தபுரம் ஏர்போர்ட் வாசலில் வைத்துத்தான் போனுக்கு பிடிஎஃப் வரும். அந்த நேரத்தில் யார் உட்கார்ந்து படிப்பார்கள்? ஆனால் பார்க்க வேண்டியது மூன்றே இடம். விசா வகை என்ற இடத்தில் 'எம்ப்ளாய்மென்ட்' என்று இருக்க வேண்டும். 'டூரிஸ்ட்', 'விசிட்' என்று இருந்தால் அது வேலை விசா இல்லை. ஸ்பான்சர் பெயரில் வேலை தரும் கம்பெனி இருக்க வேண்டும். டிராவல்ஸ் பெயர் இருந்தால் விஷயம் முடிந்தது. மூன்றாவது, எத்தனை நாள் என்பது. 60 நாள் என்று காசு வாங்கிவிட்டு 30 நாள் விசாவைத் தருவது இவர்களின் வாடிக்கை.

அந்த 30 நாள் கணக்கைத் தேதி போட்டுப் பாருங்கள். நோம்புக்கு ஒரு வாரம் முன்னால் போய் இறங்குகிறான். நோம்பு 29 அல்லது 30 நாள். நான்காவது வாரம் நடக்கும்போதே விசா முடிந்துவிடும். "சம்பளம் பெருநாளுக்கு முந்தின நாள் மொத்தமா" என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருப்பார்கள். ஆக, பணம் கேட்கிற நாளில் அவன் ஓவர்ஸ்டே ஆள். நாளுக்கு 50 திர்ஹம் ஃபைன் ஏறிக்கொண்டிருக்கும். "விசா முடிஞ்சாச்சு, போலீஸைக் கூப்பிடவா?" என்று சூப்பர்வைசர் ஒரு வார்த்தை கேட்டால் போதும். அதற்கு மேல் கட்டில் வாடகை, மெஸ், விசா நீட்டித்த செலவு என்று பேப்பரில் எழுதிக் கழிப்பார்கள். மிச்சம் பெரும்பாலும் டிக்கெட்டுக்கே பத்தாது.

வேலையும் சொன்ன மாதிரி இருக்காது. பகல் பதினொன்றுக்கு இறங்கினால் இஃப்தார் பெட்டி அடைக்க வேண்டும்: பேரீச்சம்பழம், தண்ணீர், லபன் என்கிற மோர், பழம், பிரியாணி. நோம்பு திறக்கும் நேரத்துக்கு வெகு முன்னதாகவே வண்டி ஏறியாக வேண்டும். பிறகு அண்டா கழுவி, விடியுமுன் சாப்பிடும் சஹர் சாப்பாட்டுக்கு மறுபடி அடுப்பு. படுக்க விடியற்காலை மூன்று மணி. அமீரகச் சட்டப்படி நோம்பு மாதத்தில் தினசரி வேலை நேரம் இரண்டு மணி நேரம் குறைய வேண்டும். நோம்பு வைக்காதவர்களுக்கும் அதே கணக்குதான். எட்டு மணி வேலை ஆறாகும். அதற்கு மேல் செய்தால் ஓவர்டைமுக்கு அடிப்படைச் சம்பளக் கணக்கில் 25 சதவீதம் கூடுதல். ஷிஃப்ட் முறை இல்லாத ஆளுக்கு இரவு 10 முதல் காலை 4 வரை 50 சதவீதம். பெருநாள் லீவில் வேலை வாங்கினால் மாற்று லீவு, இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு அடிப்படைச் சம்பளத்தில் பாதி சேர்த்துத் தர வேண்டும். முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. பெர்மிட் உள்ளவன் இதையெல்லாம் தொழிலாளர் அமைச்சகத்தில் கேட்டு வாங்கலாம். விசிட்டில் போனவன் பெயர் அங்கே எந்தப் பதிவிலும் இருக்காது.

கேட்கலாம் என்று துணிந்தாலும் நோம்பு மாதத்தில் அங்கே மத்திய அரசு அலுவலகங்கள் திங்கள் முதல் வியாழன் வரை 9 முதல் 2.30 வரைதான், வெள்ளி 12 மணியோடு சரி. அதன் பிறகு பெருநாள் லீவு, கூடவே சனி, ஞாயிறு. அதற்குள் விசா நாள் கரைந்துவிடும். நோம்பு சீசன் என்று இவர்கள் தேர்ந்தெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறோம்.

இமிகிரேஷனில் "மாமா மகன் இருக்கான், பாக்கப் போறேன்னு சொல்லு" என்று சொல்லிக் கொடுத்து, டம்மி ரிட்டர்ன் டிக்கெட்டும் கையில் தருவார்கள். அப்படிப் பொய் சொன்ன பிறகு வேலைக்குத்தான் கூட்டிப்போனார்கள் என்று பின்னால் நிரூபிப்பது கஷ்டம். பத்தாம் வகுப்பு முடிக்காமல் இசிஆர் (எமிகிரேஷன் கிளியரன்ஸ் தேவைப்படும்) பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. வேலைக்கென்று முறைப்படி எமிகிரேஷன் கிளியரன்ஸ் வாங்கிப் போனால் பிரவாசி பாரதிய பீமா யோஜனா இன்சூரன்ஸ் உண்டு. இரண்டு ஆண்டுக்கு பிரீமியம் 275 ரூபாய், விபத்தில் உயிர் போனால் 10 லட்சம். விசிட்டில் போனால் அது கிடையாது.

பணம் கட்டும் முன் ஏஜென்ட் பெயரை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடுங்கள். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு இல்லாமல் யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. சப்-ஏஜென்டுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. டிக்கெட் போடும் டிராவல்ஸ் லைசென்ஸைக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார்கள், அது வேறு. தளத்தில் பெயர் இருந்தாலும், போஸ்டரில் உள்ள நம்பருக்கு அடிக்காமல் தளத்தில் உள்ள ஆபீஸ் நம்பருக்கு அடித்து "இந்த ஆள் உங்க ஆளா?" என்று கேளுங்கள். நல்ல கம்பெனியின் பதிவெண்ணைத் திருடிப் போஸ்டரில் போடுவதும் நடக்கிறது. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் அதிகபட்சம் 30,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 35,400. ரசீது தர வேண்டும். தனி ஆளின் பெயருக்கு ஜிபே பண்ணச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

உண்மையான வேலை என்றால் அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர் வரும். அரபி, ஆங்கிலத்தோடு தமிழிலும் அதைத் தர வழி இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள எண்ணை அமைச்சகத் தளத்தில் போட்டால் நிஜமா என்று தெரிந்துவிடும். குறுகிய கால வேலைக்கென்றே ஆறு மாதம் வரை தற்காலிக பெர்மிட்டும் அங்கே உண்டு. ஆகவே "சீசன் வேலைக்கு விசிட் விசாதான் தருவாங்க" என்பது பச்சைப் பொய். பெர்மிட் செலவும் முதலாளியுடையது.

ஏற்கெனவே மாட்டியிருந்தால், விசா நாள் முடியுமுன் வெளியேறப் பாருங்கள். துபாயில் இந்திய உதவி மையம் 800 46342, 24 மணி நேரமும் உண்டு. இந்தியாவிலிருந்து 1800 11 3090. வாய்ஸ் மெசேஜ்களை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப் சாட் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். ஊரில் புகார் கொடுக்கப் போனால், ஏஜென்ட் கேரளத்துப் பாறசாலைக்காரன் என்று தமிழ்நாட்டு ஸ்டேஷனில் அங்கே போகச் சொல்வார்கள். அங்கே போனால் பணம் கொடுத்தது களியக்காவிளையில்தானே என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கியாக வேண்டும். பிரிவைச் சொல்லியே கேளுங்கள். கூடவே இ-மைக்ரேட்டில் ஒரு புகார், திருவனந்தபுரம் அல்லது சென்னை குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கு ஒரு காப்பி.

நோம்பு முடிந்ததும் இதே ஆட்கள் "ஹஜ் சீசன், மக்கா, 45 நாள்" என்று மெசேஜை மாற்றிப் போடுவார்கள். சவுதி வேலை விசாவுக்கு ஊரிலேயே மெடிக்கல் உண்டு, அது இல்லை என்றாலே சந்தேகப்படுங்கள். 2025 ஹஜ் காலத்தில் பெர்மிட் இல்லாமல் விசிட் விசாவோடு மக்காவுக்குள் போகிறவர்களுக்கு சவுதி அரசு அறிவித்த அபராதம் 20,000 ரியால் வரை.