சலுகைப் பொதியா, சவனா, நம் அடுப்பா: விசேட இரவுச் சாப்பாட்டுக்கு எது கட்டுப்படியாகும்?

முல்லைத்தீவு மாவட்டத்து விசுவமடுவில் இருந்துகொண்டு வீட்டில் ஒரு விசேட இரவுச் சாப்பாடு போடுவதென்றால் இப்போது மூன்று வழிகள் இருக்கின்றன. கிளிநொச்சி சுப்பர்மார்க்கெட்டில் பண்டிகை நாட்களிலும் வார இறுதியிலும் விற்கும் சலுகைப் பொதியைத் தூக்கி வரலாம்: உறைந்த முழுக்கோழி, பாஸ்மதி, நகெட்ஸ், கெச்சப், சோடா, ஐஸ்கிறீம் எல்லாம் ஒரே விலையில். இல்லையென்றால் சாப்பாட்டுக் கடையில் சவன், அதாவது பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டுச் சோறு, சொல்லி எடுக்கலாம். மூன்றாவது வழி, கோழியையும் தயிரையும் ஊரில் வாங்கி, ஊரில் கிடைக்காத சாமான்களை மட்டும் சுப்பர்மார்க்கெட்டில் எடுத்து நாமே சமைப்பது. மகளின் சாதாரண தரப் பெறுபேறு வந்தபோது நாங்கள் மூன்றாவதைத்தான் செய்தோம். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கப் போவதில்லை.

லண்டனில் இருக்கும் அக்காவுக்கு இந்த யோசனையே விளங்கவில்லை. "பொதியை வாங்கிப் போட்டால் முடிந்தது, இதற்கு ஏன் இவ்வளவு கணக்கு?" என்று கேட்டாள். அவள் ஊர்க் கதை வேறு. மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் 2008இல் பத்துப் பவுணுக்கு இருவர் சாப்பாடு என்று தொடங்கியது: பிரதான உணவு ஒன்று, பக்க உணவு ஒன்று, இனிப்பு ஒன்று, ஒரு போத்தல் வைன். இன்று அங்கே பெரிய கடைகள் பலவற்றிலும் அந்த மாதிரிப் பொதி உண்டு. அக்கா வீட்டுக்கும் கடைக்கும் இடையில் இருப்பது ஒரு தெரு. எனக்கும் கடைக்கும் இடையில் இருப்பது ஏ35 வீதி, பரந்தன் சந்தி, உச்சி வெயில், நின்று நின்று வரும் ஒரு பஸ்.

முதலில் விலையை முடித்துவிடுகிறேன். நாங்கள் ஐந்து பேர். பொதி ஐயாயிரம் ரூபாயை ஒட்டி வந்தது. எங்கள் சமையலுக்கு அதைவிட நானூறு ரூபாய் அளவில் கூடப் போனது. சவன் இரண்டையும் தாண்டியது. ஆக, விலைச்சீட்டை மட்டும் பார்த்தால் பொதிதான் வென்றது. ஆனால் அதில் உள்ள நகெட்ஸும் கெச்சப்பும் அந்த இரவுக்கு எங்களுக்குத் தேவையே இல்லாதவை. அவற்றுக்குப் போகும் காசு வீண் என்று பார்த்தால் பொதியில் மிஞ்சும் அந்த நானூறு காணாமல் போய்விடுகிறது. வெங்காயம், எண்ணெய், மரக்கறி எல்லாம் எந்த வழியில் போனாலும் தனியாக வாங்க வேண்டியவை. சுவரில் பெரிதாக ஒட்டியிருக்கும் இருபது வீதம், இருபத்தைந்து வீதக் கழிவுகளையும் நம்பிக் கிளம்ப வேண்டாம். பெரும்பாலும் அவை குறிப்பிட்ட வங்கியின் கடனட்டைக்கு மட்டும், குறிப்பிட்ட நாளில் மட்டும், இத்தனை ரூபாய்க்கு மேல் வாங்கினால் மட்டும். நெல்லும் கூலியும் நம்பி வாழும் எங்கள் பக்கத்தில் கடனட்டை வைத்திருப்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக ஏறிய பிறகு விலைச்சீட்டை நான் இரண்டு தரம் வாசிப்பதுண்டு.

இதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: குளிர். கடையின் பெட்டகத்திலிருந்து உங்கள் சட்டிக்கு வந்து சேரும்வரை அந்தக் கோழியை யார் குளிரில் வைத்திருக்கப் போகிறார்கள்?

உறைந்த இறைச்சி இருக்க வேண்டியது பூச்சியத்துக்குக் கீழே 18 பாகையில். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். பழுதாகக்கூடிய உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம், வெயில் 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணி நேரமே எல்லை என்பது பொதுவான அறிவுரை. சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் வன்னியின் மத்தியான வெயில் 32 பாகையில் நிற்பதில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பது, இருக்கைக்குக் கீழே எஞ்சின் சூட்டில் பை கிடப்பது, சந்தியிலிருந்து வீட்டுக்கு நடப்பது எல்லாவற்றையும் கூட்டினால் அந்த ஒரு மணி நேரம் எளிதாகக் கழிந்துவிடும். கோழி கல்லுப்போல் உறைந்திருந்தால் நடுப்பகுதி தாங்கும், வெளிப்பகுதி தாங்காது. ஐஸ்கிறீமைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. உருகியதைத் திரும்ப உறைய வைத்தால் பனிமுள் ஏறிய ஏதோ ஒன்று கிடைக்கும். அதற்கு ஐஸ்கிறீம் என்று பெயர் சொல்ல மனம் வராது.

சரி, குளிராகவே கொண்டுவந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கிலோவுக்கு உட்பட்ட முழுக்கோழி குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இளக ஏறத்தாழ ஒரு முழு நாள் வேண்டும். அப்படியானால் சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு வெள்ளிக்கிழமையே வாங்க வேண்டும். ஒற்றைக் கதவுப் பெட்டியின் மேல்தட்டில் மீனும் ஐஸ் கட்டியும் ஏற்கனவே குடியிருக்கும்போது கோழியும் ஐஸ்கிறீமும் எங்கே போவது? அத்துடன் மின்சாரம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு கைவைத்ததில் நாடு முழுவதும் இருண்டது. எங்கள் மாமரத்தில் திரியும் குரங்குகளைத் திட்டுவதை மாமி அன்றைக்குக் கொஞ்சம் நிறுத்தி வைத்தார். பாணந்துறைக்காரர் பெரிய ஆள் என்று தெரிந்துவிட்டது. சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். விசேடத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே பெட்டியை நிரப்பி வைப்பவர்களுக்கு மின்வெட்டு பெரிய ஆபத்து.

பொதியைத்தான் எடுப்பேன் என்பவர்கள் ஒன்று செய்யலாம். மீன்காரர்கள் மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு வரும் றெஜிபோம் பெட்டி ஒன்று இருந்தால், அடியில் ஐஸ் போட்டு, கோழியைப் பத்திரிகைத் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்து மூடியை இழுத்துக் கட்டினால் வீடு வரை தாங்கும். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வரும் பொறுமை எனக்கு இல்லை.

இனி எங்கள் வழி. கோழிக்கடை சந்தியில் இருக்கிறது, மாலை நான்கு மணிக்குப் போனால் போதும். "தோலோடு வேண்டுமா, உரித்துத் தரவா அக்கா?" என்று தம்பி கேட்பார், பிரட்டல் கறிக்கு உரித்து, நடுத்தரத் துண்டாக வெட்டச் சொல்வேன். ஈரலையும் கழுத்தையும் தனிப் பையில் போட்டுத் தருவார்; மாமி அதை மிளகு போட்டு முதலில் பொரித்து எடுத்துவிடுவார், சோறு வேகும்வரை பிள்ளைகளுக்கு அது காணும். இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். சில கடைகள் உயிர்நிறைக்கு விலை சொல்கின்றன, சுப்பர்மார்க்கெட் துப்புரவாக்கிய நிறைக்குச் சொல்கிறது. புறொய்லர் கோழியின் உயிர்நிறையில் இறகும் குடலும் நீக்கிய பின் மிஞ்சுவது 70 முதல் 75 வீதம் வரைதான். இரண்டு கிலோ உயிர்க்கோழி என்றால் சட்டிக்கு வருவது ஆகக்கூடியது ஒன்றரைக் கிலோ. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் சந்திக் கடைக்கோழி மலிவு என்று சொல்லிவிடக் கூடாது. போட்டுப் பார்த்தாலும் பெரிய வித்தியாசம் வராது என்பது என் அனுபவம். ஊர்க்கோழி வேறு கணக்கு: ருசிக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை, விலைக்கும் இல்லை.

கோழி வெட்டப்பட்டு ஒரு மணி நேரத்துக்குள் மஞ்சளும் உப்பும் பிடித்துச் சட்டியில் இருக்கிறது. குளிர் என்ற கவலையே இல்லாமல் போய்விட்டது. சுப்பர்மார்க்கெட்டில் எடுக்க வேண்டிய பாஸ்மதி, கஜு, நெய், முந்திரிவத்தல், சோடா ஒன்றுக்கும் குளிர் தேவையில்லை. வேறு அலுவலாகக் கிளிநொச்சிக்குப் போகும்போது முந்திய கிழமையே வாங்கி அலுமாரியில் வைத்துவிடலாம். பஸ் காசும் தனியாக இல்லை. பாஸ்மதிக்குப் பதில் கீரிச் சம்பா போடலாம் என்பது மாமியின் கட்சி. நெய்ச்சோற்றுக்கு அது அருமைதான். 2024 டிசம்பரில் அரசாங்கம் அதற்குக் கிலோ 260 ரூபாய் உச்ச விலை வைத்தது. அந்த விலைக்கு அது என் கண்ணில் படுவதுதான் அபூர்வம்.

ஐஸ்கிறீமின் இடத்துக்குத் தயிரும் கித்துள் பாணியும். பால்காரரிடம் சொல்லி வைத்தால் தயிர் அன்றைக்கே வந்துவிடும். பாணிக்கு மட்டும் சுப்பர்மார்க்கெட்டை நம்புகிறேன், அதுவும் போத்தலைத் திருப்பிச் சிறிய எழுத்தை வாசித்த பிறகு. சீனிப்பாகு கலந்தது மலிவாக இருக்கும், வாயில் வைத்தால் இனிப்பு மட்டும் நிற்கும். நல்ல பாணியில் ஒரு புகை மணம் உண்டு. பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள் என்று நினைத்தேன், கிண்ணத்தை வழித்தார்கள். சின்னவன் மட்டும் நெக்டோ சோடாவோடு நின்றுகொண்டான்.

சவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எட்டுப் பத்துப் பேர் கூடுவதென்றால், அதிலும் சமைப்பவரே விழாவுக்குரியவர் என்றால், சவன்தான் சரி. கோழி, முட்டை, கஜு, அச்சாறு எல்லாம் ஒரே தட்டில், கழுவ ஒரு சட்டி இல்லை. எனக்கு இடித்தது நேரம். ஏழு மணிக்குச் சொன்னது எட்டரைக்கு வந்தால் சோறு ஆறிக் காய்ந்திருக்கும், சூடாக்கினால் கோழி இறுகும். புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவுப் பக்கக் கடைகளில் நான் எடுத்துப் பார்த்ததில்லை. அங்கே நிலைமை வேறாக இருக்கலாம். நந்திக்கடல் இறால் நல்ல விலைக்குக் கிடைக்கும் நாட்களில் அந்தப் பக்கத்தவர்களுக்குக் கோழிக் கதையே தேவைப்படாது.

மரக்கறி விருந்தைப் பற்றி அதிகம் சொல்லத் தெரியாது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் காலத்திலும் வெள்ளிக்கிழமைகளிலும் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. அப்போது பொதியில் நமக்கு ஆகக்கூடியது அரிசியும் சோடாவும் மட்டும்; அதற்காகப் பொதி வாங்குவதில் அர்த்தம் இல்லை.

கிளிநொச்சி நகரிலோ வவுனியா நகரிலோ, கடையிலிருந்து பத்து நிமிடத்தில் வீடு என்றால் நான் சொன்னதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. பொதியையே எடுங்கள். கோழிப் பையின் அடியில் இளஞ்சிவப்பு நீர் உறைந்து பாளமாகக் கிடந்தால் அது கடையிலேயே ஒருதரம் இளகி மீண்டும் உறைந்ததாக இருக்கலாம். வேறு பை கேளுங்கள். ஐஸ்கிறீமைக் காசு கட்டும் வரிசைக்குப் போகும்போது கடைசியாக எடுங்கள்.