வேலையில் ஊக்கம் ஏன் ஏறி இறங்குகிறது: ஸ்கின்னரா, பாண்டுராவா?

உளவியலாளர் ஸ்கின்னரின் கோட்பாடு விளைவைப் பார்க்கச் சொல்லும்: செய்த வேலைக்கு என்ன கிடைத்தது? ஆண்டுக்கு ஒருமுறை போனஸ் என்றால், மதிப்பீட்டு மாதம் நெருங்கும்போது வேகம் கூடும். பணம் கைக்கு வந்ததும் தளரும். எப்போது வரும் என்று தெரியாத பாராட்டு உழைப்பை அதிக நாள் தாங்கும்.

இன்னொரு உளவியலாளரான பாண்டுரா பார்ப்பது வேறு இடத்தை. பக்கத்து மேசைக்காரர் மாடாக உழைத்தும் பதவி உயர்வு இல்லை. ஜால்ரா போட்டவருக்குக் கிடைத்தது. தனக்கு எதுவும் நடக்காமலே, அதைப் பார்த்தவரின் ஊக்கம் சரிகிறது. அப்புறம், 1977இல் பாண்டுரா முன்வைத்த தன்திறன் நம்பிக்கை: ‘என்னால் முடியும்’ என்று தோன்றாதவரைப் பரிசு பெரிதாக இழுக்காது.

போனஸ் திட்டத்தைச் சீராக்க ஸ்கின்னர் போதும். ஒரு குழுவே சோர்ந்துபோயிருந்தால் நான் பாண்டுராவிடம்தான் போவேன். சம்பளம் கூடியும் சோர்வு தீராத அலுவலகத்தில், யார் உயர்த்தப்படுகிறார்கள் என்பதை முதலில் பாருங்கள்.