எம்பிராய்டரி மெஷினில் ஃப்ளாப்பி டிரைவ் மாற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு: 14,500 ரூபாய் போச்சு

பழைய எம்பிராய்டரி மெஷினில் ஃப்ளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு பென் டிரைவ் போடுகிற பெட்டியை மாட்டலாம் என்று இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள். எனக்குப் போனது 14,500 ரூபாய். காசு வாங்கியவன் நேற்று என் நம்பரை பிளாக் செய்துவிட்டான்.

பழைய வண்ணாரப்பேட்டையில் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். மெஷின் பழைய ஜப்பான்காரன் மெஷின், ஊசி விழுந்தால் இன்றைக்கும் தையல் அச்சு மாதிரி இருக்கும், ஆனால் டிசைன் ஏற்ற ஃப்ளாப்பியை விட்டால் வழி கிடையாது. சோனியே ஜப்பானில் 2011-லேயே ஃப்ளாப்பி விற்பதை நிறுத்திவிட்டான், இங்கே கிடைப்பதெல்லாம் பூஞ்சை பிடித்த பழைய ஸ்டாக். டிரைவும் இரண்டு தடவை சொருகினால்தான் படிக்கும். ஸ்கூல் திறக்கப் போகிறது, பாக்கெட் பேட்ஜ் ஆர்டர் கையில் இருக்கிறது, சரி மாற்றிவிடலாம் என்று பழைய சாமான் விளம்பரம் போடுகிற ஒரு ஆன்லைன் தளத்தில் இந்த ஆளைப் பிடித்தேன்.

வந்தவன் மூடியைக் கழற்றி, தூசியை ஊதிவிட்டு, "அக்கா, டிசைன் எல்லாம் டிஎஸ்டி ஃபைல்தானே? பத்தாயிரம் தையல் டிசைன்னாலும் முப்பது கேபி சொச்சம்தான் வரும். ஒரே பென் டிரைவ்ல நூறு ஃப்ளாப்பி அடங்கிடும்" என்றான். கணக்கு சரிதான். தொழில் தெரிந்தவன் என்று அந்த இடத்தில்தான் நம்பினேன். பெட்டியை மாட்டி பட்டனை அமுக்கினான், சிவப்பு எழுத்தில் 000, 001, 002 என்று ஓடியது. "பாருங்க, ஓடுது!" பெட்டிக்கு கரண்ட் வந்தாலே அந்த நம்பர் ஓடும், மெஷின் அதைப் படிக்கிறதா என்பது வேறு கதை. 16,000 சொன்னவன், பழைய டிரைவைக் கொடுத்தால் 1,500 குறைக்கிறேன் என்று அதையும் பையில் போட்டுக்கொண்டு போனான். ஜிபேயில் 14,500.

அவன் போனதும் டிசைன் ஏற்றினால் டிஸ்க் எரர். போன் போட்டால் முதலில் "பென் டிரைவ் மாத்திப் பாருங்கக்கா", அப்புறம் "வண்டி ஓட்டிட்டிருக்கேன்", அதற்கப்புறம் "உங்க போர்டே போயிடுச்சு, அதுக்குத் தனி சார்ஜ்". அவன் வருகிற வரைக்கும் வேலை செய்த போர்டு! எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவில் காட்டினேன். என் மெஷின் கேட்பது 720 கேபி ஃப்ளாப்பி, அவன் மாட்டியது கம்ப்யூட்டருக்கான 1.44 எம்பி பெட்டி. அதன் விலை அங்கே இரண்டாயிரத்துச் சொச்சம். விளம்பரத் தளத்துக்காரர்களோ, "வாங்குபவரும் விற்பவரும் பேசிக்கொள்ள வேண்டியது" என்று ஒரே பதிலை ஒட்டி ஒட்டி அனுப்புகிறார்கள்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. மெஷின் 720-ஆ 1.44-ஆ என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அதைக் கேட்காமலே விலை சொல்கிறவனை வாசலோடு அனுப்புங்கள். துணியில் ஒரு டிசைன் முழுசாக ஓடி முடியாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். பழைய டிரைவை யார் கேட்டாலும் தராதீர்கள், 14,500 போனதைவிட எனக்கு அதுதான் எரிகிறது, அது இருந்திருந்தால் இன்றைக்கு மெஷினாவது ஓடியிருக்கும்.

யாரிடமாவது 720 கேபி டிரைவ் வேலை செய்கிற நிலையில் சும்மா கிடந்தால் சொல்லுங்கள், நானே வந்து மெஷினில் போட்டுப் பார்த்துக் காசு தருகிறேன்.