ஆற்றுத் தூண்டிலுக்கு எந்த இரை? ராகி உருண்டை, மண்புழு, கடைப் பாக்கெட்: என் அனுபவம்

தென்பெண்ணையில் காவேரிப்பட்டினம், இருமத்தூர் பக்கமும், காவிரியில் நாகமரை, ஒட்டனூர் ஓரம் மேட்டூர் அணைத் தண்ணீர் தேங்கி நிற்கிற இடங்களிலும் பல வருஷமாகத் தூண்டில் போட்டு வருகிறேன். வீட்டில் பிசைந்த மாவு, மண்ணில் தோண்டிய புழு, கடையில் வாங்கிய பாக்கெட் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தாயிற்று. ஓடுகிற தண்ணீரில் இரை முதலில் முள்ளில் நிற்க வேண்டும், வாசனையெல்லாம் அப்புறம்தான் என்பது என் முடிவு. கடையில் கெண்டைக்கென்று விற்கிற தூள்களில் நான் வாங்கிய பெரும்பாலானவை குளத்துக்கு ஏற்றவை. தண்ணீர் பட்டதும் உதிர்ந்து பரவி மீனைக் கூட்டுவதுதான் அவற்றின் வேலை. நிற்கிற தண்ணீரில் அது நல்ல குணம். ஆற்றில் அதே தூள் இழுப்போடு கரைந்து போய்விடும். நம் முள் வெறுமனே கிடக்கும், மீன் எங்கோ கீழே மேய்ந்துகொண்டிருக்கும்.

அதனால் என் பையில் எப்போதும் இருப்பது ராகி உருண்டை. எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ராகிக்குப் பஞ்சமில்லை. ஆனால் பச்சை ராகி மாவைப் பிசைந்து முள்ளில் வைத்தால் நிற்காது; கோதுமையில் உள்ள பசைத்தன்மை ராகியில் கிடையாது. வேகவைத்தால்தான் மாவு இளகிப் பிடிக்கும். களி கிண்டுகிற அதே வேலைதான், தண்ணீரை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும். துடுப்பு சிரமப்பட்டுத் திரும்புகிற அளவுக்குக் கெட்டியாக வந்ததும் இறக்கி, கை பொறுக்கிற சூட்டிலேயே கடலைப் புண்ணாக்கைச் சேர்க்கிறேன். புண்ணாக்கை இடித்துச் சலித்து, வாணலியில் மணம் வரும்வரை வறுத்திருக்க வேண்டும். ராகி மூன்று பங்கு, புண்ணாக்கு ஒரு பங்கு, ஒரு பிடி மைதா, சுண்டைக்காய் அளவு வெல்லம், ஒரு சிட்டிகை பெருங்காயம். மைதாவைப் போட்ட பிறகு கை வலிக்கப் பிசைய வேண்டும், இழுவை வருவது அந்தப் பிசைதலில்தான். எண்ணெய் கொஞ்சம் தங்கியிருக்கிற செக்குப் புண்ணாக்காக வாங்குங்கள். பூஞ்சை வாடை அடித்தால் தொடவே வேண்டாம்.

பதம் பார்க்க ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர் போதும். உருண்டையைப் போட்டதும் தண்ணீர் கலங்கினால் மைதா போதவில்லை. கால் மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது மேல்பக்கம் ஊறி, ஊதுபத்திப் புகை மாதிரி மெல்லிசாக ஒரு கசிவு வந்துகொண்டிருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் உள்ளே கெட்டியாக இருக்க வேண்டும். கொஞ்சம்கூடக் கசியவில்லை என்றால் அதுவும் சரியில்லை. ரோகு இரையை உறிஞ்சி வாயில் வைத்துப் பார்க்கிற மீன். ரொம்பக் கெட்டி என்றால் துப்பிவிட்டுப் போய்விடும். முள்ளின் முனை உருண்டைக்கு வெளியே லேசாகத் தெரிகிற மாதிரி கோர்த்தால் இழுக்கும்போது மாவு தடுக்காது.

இந்த உருண்டையில் எனக்கு அதிகம் விழுவது ரோகுவும் மிருகாலும். மிருகால் அடியில் மேய்கிற மீன், ரோகு அதற்குக் கொஞ்சம் மேலே. ஈயக் குண்டின் எடையோடு அடியில் கிடக்கிற ராகி இரண்டுக்கும் ஒத்துவருகிறது. ஜிலேபி மீன் கூட்டமாக இருக்கிற இடத்தில் மட்டும் பொறுமை வேண்டும். தக்கை துடுக் துடுக்கென்று துள்ளிக்கொண்டே இருக்கும், ஆனால் அமுங்காது. அதன் சின்ன வாய் மாவை ஓரமாகக் கொறித்தே தீர்த்துவிடும். அப்படி இருந்தால் நெல்லிக்காய் அளவுக்குப் பெரிதாக உருட்டுகிறேன், அல்லது இடத்தை மாற்றிவிடுகிறேன்.

புதுத்தண்ணி வந்தால் கதையே வேறு. கர்நாடகாவில் அணைகளைத் திறந்துவிட்டு, காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறி, காவிரி செம்மண் நிறத்தில் வருகிற நாட்களில் ராகியைத் தேடி எந்த மீனும் வந்து பார்த்ததில்லை. தென்பெண்ணையில் ஐப்பசி, கார்த்திகை மழைக் கலங்கலும் இப்படித்தான். அப்போது மண்புழுவுக்கு ஈடு இல்லை. மழை கரையை அரித்துப் புழுவை ஆற்றில் தள்ளுகிற காலம், மீனும் அதைத்தான் எதிர்பார்த்துக் கரையோரம் ஒதுங்குகிறது. கெளுத்திக்குக் கண் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. மீசையிலேயே ருசி அறிகிற மீன் அது.

புழுவிலும் வித்தியாசம் உண்டு. எருக்குழியில் கிடைக்கிற சிவந்த மெல்லிய புழு முள்ளில் நன்றாக நெளியும், சின்ன முள்ளுக்கு அதுதான். வாழைத் தோட்டத்து ஈரமண்ணில் கிடைக்கிற தடித்த புழு, ஓட்டத்தில் போட ஏற்றது. முழுவதையும் முள்ளில் ஏற்றாமல், வால் பக்கம் ஓர் அங்குலம் தொங்கவிடுங்கள். அந்த அசைவுதான் மீனைக் கூப்பிடுகிறது. பங்குனி, சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் டப்பாவில் புழு மதியத்துக்குள் செத்துவிடும். அதே மண்ணோடு ஓட்டை போட்ட தகர டப்பாவில் போட்டு, ஈரச்சாக்கு சுற்றி நிழலில் வைத்தால் சாயங்காலம் வரை உயிரோடு இருக்கும்.

கோழிக்குடல் வாளைக்கும் பெரிய கெளுத்திக்கும் பிடிக்கும். இரவில் அடியில் கிடக்கவிட்டால் பலன் உண்டு, ஆனால் அந்த நாற்றம் கையைவிட்டுப் போகாது. ஆழமான மடுவுக்கு மட்டும் எடுத்துப்போகிறேன்.

கடைச் சரக்கை முழுவதுமாக ஒதுக்கச் சொல்லவில்லை. நாகமரைப் பக்கம் தண்ணீர் அசையாமல் நிற்கிற இடத்தில் கட்லாவுக்குத் தூள்தான் நன்றாக வேலை செய்கிறது. கட்லாவின் வாயே மேலே பார்த்தது. தண்ணீரின் மேல்மட்டத்தில் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்கிற மீன். மிதவையில் இரண்டடி ஆழத்தில் உதிர்கிற தூள் கட்டினால், அந்த மேகத்துக்குள் வந்து வாய் வைக்கும். ராகி அங்கே தோற்றுப்போகும், ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். கடையில் விற்கிற ரப்பர் தவளை, அதாவது தவளை உருவத்துப் போலி இரையும் விராலுக்கு அருமை, ஆனால் செடி மண்டிய ஏரிகளில்தான். ஆற்று ஓட்டத்தில் அதை இழுத்து எனக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

ராகியைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லியாக வேண்டும். காவிரியில் மேலே, கர்நாடகப் பக்கம் பீமேஸ்வரி, காலிபோர் தூண்டில் முகாம்களில் மகசீர் என்கிற பெரிய ஆற்றுக் கெண்டைக்குப் போட்டதும் இதே வெந்த ராகி உருண்டைதான். காவிரிப் படுகையில் மட்டுமே வாழ்கிற கூன்முதுகு மகசீர், 2018-இல் மிகவும் அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பெரிய செதிலோடு, முதுகு எழும்பிய கெண்டை உங்கள் முள்ளில் வந்தால் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள், தயவுசெய்து. சரணாலயக் காட்டுக்குள் தூண்டிலே வேண்டாம். மற்ற இடங்களிலும் குத்தகை யாரிடம், மீன்துறை உரிமம் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு இறங்குவது நல்லது.

தூள் வாங்குகிறவர்கள் சின்னப் பாக்கெட்டாக வாங்குங்கள். பிரித்த தூள் மழைக்காலத்தில் ஈரம் இழுத்துக் கட்டி தட்டும், வாசனையும் போகும். நான் மிச்சத் தூளைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, அடுத்த முறை ராகி பிசையும்போது புண்ணாக்கில் பாதியைக் குறைத்து அதற்குப் பதிலாக இதைச் சேர்க்கிறேன். களி அதைப் பிடித்துக்கொள்கிறது. காசு கொடுத்த வாசனை ஆற்றிலும் கொஞ்ச நேரம் முள்ளோடு நிற்கிறது.