சனிக்கிழமை வகுப்பில் அரசியலமைப்புச் சட்டம்: ஒரு மதிப்பீடு

இலங்கைப் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தை நீதிமன்றம் எதுவரை ஆராயலாம் என்பதை விளக்கும் ஆறு வார வகுப்பொன்றை, நல்லூரில் உள்ள தனியார் கல்வி நிலையம் ஒன்றில் அண்மையில் முடித்தேன். சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் படிப்பவர்களே அங்கு அதிகம். நான் நொத்தாரிசு அலுவலகமொன்றில் காணி உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், எழுதுபவள்.

ஆசிரியர் முதல் நாளே ஒரு காணி உறுதியை எடுத்து வைத்தார். வட மாகாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சீதனக் காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். கணவன் தன் முதுசக் காணியை, அதாவது பரம்பரையாக வந்த காணியை, விற்கும்போது மனைவியிடம் அது எதுவும் கேட்பதில்லை. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சமத்துவத்தை உறுதிப்படுத்தியும் இது நிலைத்திருப்பதற்குக் காரணம், 1978 அரசியலமைப்புக்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணானாலும் செல்லுபடியாகும் என்று 16(1)ஆம் உறுப்புரை கூறுவதே. சம்மதம் கிடைக்காதவர் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்கலாம். சட்டத்தை மாற்றுவதென்றால் அது பாராளுமன்றத்தின் கையில்தான் உள்ளது. பல வருடங்களாக அந்தச் சம்மத வரியை எழுதி வந்த எனக்கு, அதைக் காத்து நிற்பது அரசியலமைப்பே என்று அன்றுதான் தெரிந்தது. மனம் கனத்தது.

80(3)ஆம் உறுப்புரை பற்றிய இரண்டு வகுப்புகளும் மிகச் சிறந்தவை. சட்டமூலம், அதாவது சட்ட வரைவு, சான்றுரைக்கப்பட்டுச் சட்டமான பின் அதன் வலிதுடைமையை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த இயலாது. அதனால், 121ஆம் உறுப்புரைப்படி, பாராளுமன்றத்தின் நிகழ்ச்சி நிரலான ஒழுங்குப் பத்திரத்தில் சட்டமூலம் இடம்பெற்றதிலிருந்து ஒரு வாரத்துக்குள்ளேயே உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும். யாழ்ப்பாணத்தில் உள்ள ஒருவர் சட்டமூலத்தைப் படித்து, சட்டத்தரணியைத் தேடி, கொழும்பு புதுக்கடையில் மனுவைத் தாக்கல் செய்ய அந்த ஏழு நாட்கள் போதுமா என்று ஆசிரியர் கேட்டபோது வகுப்பில் எவரும் பேசவில்லை. போதாது என்பதே என் எண்ணம்.

குறைகளும் உண்டு. 1951இல் 13 சட்டங்களுடன் தொடங்கிய இந்திய அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையும் (அடிப்படை உரிமைகளுக்கு முரண் என்ற வழக்குகளிலிருந்து சட்டங்களைக் காக்கும் பட்டியல்), 1973 ஏப்ரல் 24க்குப் பின் அதில் சேர்க்கப்பட்ட சட்டங்களை அரசியலமைப்பின் மாற்ற முடியாத அடிப்படைக் கட்டமைப்பின் அளவுகோலால் ஆராயலாம் என்ற இந்திய உச்ச நீதிமன்றத்தின் 2007ஆம் ஆண்டுக் கொயெல்லோ தீர்ப்பும் அரை மணி நேரத்தில் முடிக்கப்பட்டன. தமிழ்நாட்டு நீலகிரியின் கூடலூரில் உள்ள ஜென்மிக் காணிகளிலிருந்து (பரம்பரை நிலவுடைமைக் காணிகள்) எழுந்த அவ்வழக்கு, காணிச் சட்டத்தோடு பழகிய எங்களுக்கு ஒரு முழு வகுப்புக்குரியது.

அச்சிட்டுத் தந்த குறிப்புகளில் உள்ள பிழை இதைவிடப் பாரதூரமானது. அவை தமிழ்நாட்டு நூல்களைப் பார்த்து எழுதப்பட்டவை போலும். அங்கு உயர் நீதிமன்றம் என்பது மாநில நீதிமன்றம், இங்கோ நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றம். அதற்குக் கீழ்ப்பட்ட எங்கள் மேல் நீதிமன்றத்துக்குக் குறிப்புகள் ‘உயர் நீதிமன்றம்’ என்ற பெயரை இட்டதால், என் அருகிலிருந்த மாணவி பயிற்சி விடையில் 121ஆம் உறுப்புரை மனுவை மேல் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டாள். பரீட்சையில் அது அவளுடைய புள்ளிகளைப் பறித்திருக்கும்.

ஆசிரியரின் விளக்கத்துக்காக இவ்வகுப்பில் தயங்காமல் சேரலாம். குறிப்புகளைத் திருத்தும்வரை, அரசியலமைப்பின் அரச வெளியீட்டுத் தமிழ்ப் பிரதியொன்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.