கிண்டில் சுயவெளியீடு: இரண்டு புனைபெயரில் எழுதுகிற எனக்கு எப்படி இருக்கிறது?

ஐந்து வருடமாகக் கிண்டிலில் நாவல் போடுகிறேன், இரண்டு புனைபெயரில். ஒரு பெயரில் வருவது குடும்ப நாவல். நாயகன் நாயகியின் கையைப் பிடிக்கவே பதினைந்து அத்தியாயம் ஆகும். இன்னொரு பெயரில் வருவது வயது வந்தவர்களுக்கான காதல் கதை. அதில் படுக்கையறையும் உண்டு. இரண்டையும் நான் ஆசையாகத்தான் எழுதுகிறேன். புதிதாக எழுத வரும் பெண்கள் பலர் இந்த ஏற்பாட்டுக்கு நம் மின்னூலை நாமே வெளியிட உதவும் அமேசானின் கேடிபி (கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங்) தளம் ஒத்து வருமா என்று கேட்கிறார்கள். எனக்கு ஒத்து வந்திருக்கிறது. ஒரு வேலையை மட்டும் நாமே கவனமாகச் செய்ய வேண்டும்.

முதலில் பெயர் விஷயம். ஒரு ஆளுக்கு ஒரு கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கிலிருந்து எந்தப் புனைபெயரிலும் புத்தகம் போடலாம். வாசகர் பார்ப்பது புனைபெயரை மட்டும். பணம் நம் சொந்தப் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். என் மாமியார் வீட்டில் முதல் பெயரைத்தான் தெரியும். கணவருக்கு இரண்டும் தெரியும். நம் ஊரில் ஒரு பெண் இந்த மாதிரிக் கதை எழுத இந்த மறைவு எவ்வளவு முக்கியம் என்று எழுதுகிறவர்களுக்குத் தெரியும்.

தமிழில் கிண்டில் புத்தகங்கள் 2016 டிசம்பரில் வந்தன. கோப்பு யூனிகோடில் இருக்க வேண்டும். பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்த இரண்டு நாவல்களை மாற்றியபோது கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தன. வரி வரியாகத் திருத்தினேன். ஏற்றுவதற்கு முன் முன்னோட்டத்தில் முழுப் புத்தகத்தையும் ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

இப்போது அந்த வேலை. புத்தகம் ஏற்றும்போது தளம் சில கேள்விகள் கேட்கும். அட்டையிலோ உள்ளே இருக்கும் படங்களிலோ தலைப்பிலோ வெளிப்படையான பாலியல் சமாச்சாரம் இருக்கிறதா? எந்த வயதினருக்கு? அவ்வளவுதான். உள்ளே ரொமான்ஸ் எவ்வளவு தூக்கல் என்று சொல்லத் தனியாக ஒரு கட்டம் கிடையாது. அதைப் புத்தகக் குறிப்பில் நாம்தான் சொல்ல வேண்டும். என் இரண்டாவது பெயரில் வந்த முதல் கதைக்கு நான் அதைச் சொல்லவில்லை. அட்டையில் கோயில் பிரகாரம், மல்லிகைச் சரம். அழகாக இருக்கிறதே என்று போட்டுவிட்டேன். ஒரு அம்மா ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, கல்லூரி படிக்கும் மகளும் அதே போனில்தான் படிக்கிறாள் என்று எழுதியிருந்தார். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவர் கேட்டதில் தப்பே இல்லை. மறுநாளே குறிப்பின் முதல் வரியாக இதைச் சேர்த்தேன்: ‘திருமணமான இருவரின் கதை. நெருக்கமான காட்சிகள் விரிவாக உண்டு. 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு.’ அட்டையையும் மாற்றினேன். விற்பனை குறையவில்லை. அப்படிப்பட்ட கதையைத் தேடுகிறவர்களுக்கும் அந்த வரிதான் வழி காட்டுகிறது.

எழுதும்போது எனக்கு நானே வைத்திருக்கும் எல்லை தாழ்ப்பாள். முதல் பெயரில் தாழ்ப்பாள் விழும் சத்தத்தோடு அத்தியாயம் முடியும். இரண்டாவது பெயரில் அந்தச் சத்தத்தில்தான் அத்தியாயம் தொடங்கும். ஆனால் இரண்டிலும் அவள் சம்மதம் இல்லாமல் அவன் ஒரு அடி நகர மாட்டான். ஆன்ட்டி ஹீரோ என்ற பெயரில் பலாத்காரத்தைக் காதலாக எழுதச் சொல்லி எத்தனை வாசகிகள் கேட்டாலும் நான் எழுதுவதில்லை. மென்மையான கதையில்தான் எனக்கு உழைப்பு அதிகம். டம்ளரை நீட்டும்போது விரல் பட்டதை ஒரு பக்கத்துக்கு இழுக்க வேண்டும், அது அலுக்கவும் கூடாது.

பணத்துக்கு வருவோம். கேடிபி செலக்ட் என்பது மின்னூலை அமேசானுக்கு மட்டும் கொடுக்கும் திட்டம். அதில் சேர்த்தால் 90 நாளைக்கு அந்த மின்னூல் வேறு எங்கும் இருக்கக் கூடாது. தொடர்கதைத் தளத்தில் யூடி (அத்தியாயம் அத்தியாயமாகப் போடும் அப்டேட்) கொடுத்து எழுதியிருந்தால் அங்கிருந்து முழுவதும் எடுத்த பிறகுதான் இங்கே சேர்க்க வேண்டும். முதல் பெயரின் வாசகிகளுக்கு இதை ஒரு மாதம் முன்னதாகவே சொல்லிவிடுவேன். இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் செலக்டில் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் 35 தான். செலக்டில் இருக்கும் புத்தகத்தை, சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் வாசகர் படித்தால் படித்த பக்கத்துக்குக் காசு. என் கணக்கில் இரண்டு பெயரின் வரைபடமும் இரண்டு விதம். இரண்டாவது பெயரின் கதை வந்த வாரம் மலை மாதிரி ஏறி, அடுத்த மாதம் சரிந்துவிடும். குடும்ப நாவல் அப்படி ஏறவே ஏறாது. ஆனால் மூன்று வருடம் முன்னால் போட்டதையும் இன்று யாரோ படித்துக்கொண்டிருப்பார்கள். நெருக்கக் காட்சி இருந்தால்தான் ஓடும் என்று சொல்கிறவர்களிடம் இந்த வரைபடத்தைத்தான் காட்டுகிறேன்.

திண்டுக்கல்லில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. வாடகை நூலகத்தில் மாத நாவல் எடுத்துப் படித்துப் பழகியவர். இப்போது போனில் எழுத்தைப் பெரிதாக்கி, திரைக்கு ஆறே வரி தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்துவிடுவார். போன மாதம் அவரிடம் இரண்டாவது பெயரையும் சொன்னேன். முதலில் குறிப்பைப் படித்தார். “இது எனக்கு வேண்டாம்டி, உன் சித்தி மகளுக்குச் சொல்லு. எனக்கு அந்தப் போஸ்ட்மாஸ்டர் பொண்ணு கதையோட ரெண்டாம் பாகம் எப்போ?” என்றார். தை பிறந்ததும் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.