ஆறு பாயிண்ட், 14,500 ரூபாய், கரண்ட் மட்டும் இல்லை

வயிறு எரிகிறது, அதனால் உடனே எழுதுகிறேன். பழைய பொருள் விற்கும் ஒரு ஆப்பில் மாடல் ரயிலுக்கு ஆறு பாயிண்ட், அதாவது ரயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் தண்டவாளத் துண்டுகள், வாங்கினேன். 14,500 ரூபாய். 16.5 மி.மீ. இடைவெளித் தண்டவாளம், ஃப்ராக்கிலும் (இரண்டு பாதையின் தண்டவாளமும் குறுக்கிடும் முனை) கரண்ட் ஓடும் வகை.

நம்ப வைத்தது ஒரு வீடியோ. நீல டீசல் இன்ஜின் பாயிண்ட் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. "அப்பாவோட கலெக்‌ஷன் சார், இப்ப பாக்கவே மனசு வரல" என்றார் விற்றவர். எனக்கும் அப்பா இல்லை. ஆப்பை விட்டுவிட்டு நேராக அவர் நம்பருக்கே பணம் போட்டேன். அந்த இன்ஜின் நேர் பாதையில் மட்டும்தான் ஓடியது என்பது அப்புறம்தான் உறைத்தது. அது நீள இன்ஜின் வேறு, முன்னும் பின்னும் கரண்ட் எடுக்கும், கரண்ட் இல்லாத செத்த இடத்தைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

என்னுடையது நாலு சக்கரக் குட்டி இன்ஜின். ஃப்ராக்கில் ஏறியதும் படுத்துவிட்டது. மல்டிமீட்டர் வைத்தேன். பாயிண்டுக்கு முன்னால் 12 வோல்ட், ஃப்ராக்கில் பூஜ்யம். பாதையைத் திருப்ப நகரும் நாக்குத் தண்டவாளத்தை நகத்தால் பக்கத்துத் தண்டவாளத்தோடு அழுத்தினால் 12, நகத்தை எடுத்தால் மறுபடி பூஜ்யம். தொடும் இடமெல்லாம் கரி, ஸ்பிரிங்கில் பிடிப்பே இல்லை. கவிழ்த்துப் பார்த்தால், ஃப்ராக்குக்கு வரும் ஒயரை ஒட்ட வெட்டி, வெட்டிய இடத்தில் கறுப்பு மார்க்கர் பூசியிருக்கிறது! ஆறில் நாலு இப்படி.

கேட்டதற்கு, "தண்டவாளத்தைத் துடைங்க சார்." துடைத்தேன். "உங்க கன்ட்ரோலர் வீக்." பிறகு, "இது பவர் ரூட்டிங் ப்ரோ, திருப்பின பக்கம் மட்டும்தான் கரண்ட் வரும்." அது உண்மைதான், ஆனால் திருப்பின பக்கமே வரவில்லையே ஐயா! சார் ப்ரோ ஆனது, ப்ரோ நீல டிக் ஆனது. ஆப்காரர்களோ, வெளியே கட்டிய பணத்துக்குப் பொறுப்பில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். 14,500!

வாங்குகிறவர்கள் குட்டி இன்ஜினை இரண்டு பாதையிலும் ஊர்ந்து போகவிட்ட வீடியோ கேளுங்கள். அடிப்பக்க போட்டோ கேளுங்கள். பணத்தை ஆப்புக்கு வெளியே கட்டவே கட்டாதீர்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் ஃப்ராக்கில் புது ஒயர் சால்டர் செய்து, பாயிண்டோடு சேர்ந்து மாறும் மைக்ரோ சுவிட்சில் கொடுங்கள். ஃப்ராக்கிலிருந்து போகும் இரண்டு தண்டவாளத்துக்கும் கரண்டைத் தடுக்கும் பிளாஸ்டிக் ஜாயினர் போட மறந்தால் ஷார்ட்தான். நான் இரண்டைத் தேற்றிவிட்டேன், மற்ற இரண்டில் நாக்கே வளைந்திருக்கிறது.

இன்று காலை அதே நீல இன்ஜின் வீடியோ மறுபடி வந்திருக்கிறது. விலை 16,000.